லமார்க் கணவாய்க்கு அப்பால்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் நடக்க நினைப்பவர்கள் முதலில் கேள்விப்படுவது ஜான் மூயர் டிரெயிலைப் பற்றித்தான். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி விட்னி மலை உச்சி வரை 211 மைல், கிட்டத்தட்ட 340 கிலோமீட்டர். 1938-இல் முடிக்கப்பட்ட பாதை. அருமையான பாதை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வரைபடத்தை விரித்து அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பாருங்கள். நீல நிறத்தில் சின்னதும் பெரிதுமாக ஏரிகள் இறைந்து கிடக்கும். பாதை தொட்டுக்கொண்டு போவது அவற்றில் மிகச் சிலவற்றைத்தான். மற்றவற்றுக்கு எந்தக் கோடும் போகாது. பலவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது, நீர்மட்டத்தின் உயரத்தை மட்டும் எண்ணாகப் போட்டிருப்பார்கள். சில வருடங்களாக என்னுடைய கோடை விடுமுறைகள் அந்த எண்களைத் தேடித்தான் போகின்றன.

இத்தனை ஏரிகள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் அங்கே நடப்பதே சுலபமாகிவிடும். சியராவின் கிரானைட் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் உருகிய பாறைக்குழம்பு மெல்ல மெல்ல ஆறி இறுகியது. பிறகு மேலே மூடியிருந்ததெல்லாம் அரிக்கப்பட்டுப் போய், கிரானைட் வெளியே வந்தது. மலைத்தொடர் முழுவதும் கிழக்கே உயர்ந்து மேற்கே சாய்ந்தது. அதனால்தான் கிழக்கில் பிஷப் ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மலை சுவர் மாதிரி நிற்கிறது, மேற்கிலோ ஏறுகிறோம் என்று தெரியாமலே ஏறிவிடலாம். கடைசியில் பனியாறுகள் வந்தன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்த அவை உச்சிகளின் அடிவாரத்தைக் கிண்ணங்களாகக் குடைந்தன, பள்ளத்தாக்குகளைப் படிப்படியாகச் செதுக்கின. பனி உருகிப் போன பிறகு ஒவ்வொரு கிண்ணத்திலும், ஒவ்வொரு படியிலும் தண்ணீர் தங்கியது. ஆக, ஏரி எங்கே இருக்கும், அதற்கு முன் எந்த இடத்தில் செங்குத்தான படி வரும், அந்தப் படிக்குக் கீழே பாறைகள் எப்படிக் குவிந்து கிடக்கும் என்பதையெல்லாம் போவதற்கு முன்பே ஓரளவு ஊகிக்கலாம்.

நான் அதிகம் போவது எவல்யூஷன் பகுதிக்கு. 1895-இல் தியோடர் சாலமன்ஸ் என்பவர் இந்தப் பக்கம் வந்து ஆறு உச்சிகளுக்குப் பரிணாமச் சிந்தனையாளர்களின் பெயர்களை வைத்தார்: டார்வின், வாலஸ், ஹக்ஸ்லி, ஹெக்கல், ஸ்பென்சர், ஃபிஸ்க். மலைமுகட்டை ஒட்டி நீளமாக ஒரு பாதை வேண்டும் என்ற ஆசை பதினான்கு வயதில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தபோதே அவருக்கு வந்ததாம். அந்த ஆசைதான் பின்னாளில் மூயர் டிரெயில் ஆனது. ஆனால் சாலமன்ஸ் நடந்தபோது அங்கே பாதை இல்லை. அவருக்கு வெகு காலம் முன்பே ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் பயூட் மக்கள் இந்த முகட்டைக் கடந்து மேற்கே மோனோ மக்களிடம் போய்வந்தார்கள். அப்சிடியன் என்ற கறுப்புக் கண்ணாடிப் பாறையையும் உப்பையும் பைன் கொட்டையையும் கொடுத்து ஓக் கொட்டை வாங்கினார்கள். எவரும் மிதிக்காத நிலம் என்று இந்த மலையைப் பற்றி எழுதும்போதெல்லாம் இவர்களைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பிஷப்புக்கு மேலே நார்த் லேக் என்ற இடத்தில் நடை தொடங்கும். உயரம் ஏறக்குறைய 9,300 அடி. முதல் நாள் இரவு அங்கேயே தூங்கிவிடுவது நல்லது. பிஷப் வெறும் 4,150 அடியில் இருக்கிறது, அங்கிருந்து ஒரே மூச்சில் மேலே போனால் தலைவலியும் குமட்டலும் வரக்கூடும். கீழ் லமார்க் ஏரி, மேல் லமார்க் ஏரி வரைக்கும் நல்ல பாதை. அதற்கு மேல் அரசு பராமரிக்கும் பாதை கிடையாது. லமார்க் கோல் என்று வரைபடத்தில் குறித்திருக்கும் கணவாய் கிட்டத்தட்ட 12,900 அடி உயரத்தில் இருக்கிறது. நீளமான மணல் பள்ளத்தாக்கு ஒன்றின் வழியாக அதை நோக்கி ஏற வேண்டும். மரங்களெல்லாம் எப்போதோ பின்னால் நின்றுவிட்டிருக்கும். கடைசியாகப் பார்த்த ஒயிட்பார்க் பைன் மரங்கள் இடுப்பளவுகூட இல்லாமல் காற்றுக்கு அஞ்சித் தரையோடு படர்ந்திருந்தன. கணவாய்க்குக் கொஞ்சம் கீழே சின்னக் குட்டை ஒன்றும், கோடை முடியும் வரைகூடக் கரையாத பனித்திட்டும் இருக்கின்றன. அதைத் தாண்டி மேலே கால் வைத்தால் எதிரே டார்வின் மலையும் மெண்டல் மலையும் முழுசாக நிற்கும். டார்வின் 13,837 அடி. அந்த இடத்தில் நான் எப்போதும் பையை இறக்கி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்துவிடுவேன்.

கணவாயின் அந்தப் பக்கம் டார்வின் பள்ளத்தாக்கு. ஏரிகள் வரிசையாக, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. என்னோடு வந்த அண்ணன் ஒருவர், அலுவலகத்தில் எனக்கு மூத்தவர், சிவகங்கைப் பக்கத்துக்காரர், இதைப் பார்த்ததும், "நம்மூர்ச் சங்கிலிக் கண்மாய் மாதிரியே இருக்கு தம்பி, ஒண்ணு மறுகால் பாஞ்சு அடுத்தது நிறையுது பாருங்க" என்றார். அப்படியேதான் இருந்தது.

பாதையில்லா நடை என்றால் என்ன என்பது இந்த ஏரிக்கரைகளில்தான் தெரியும். பாதையில் நடக்கிறபோது கால் தானாகப் போகும், மனம் எங்கேயாவது இருக்கும். இங்கே அது முடியாது. கரை முழுவதும் மேலேயிருந்து சரிந்து விழுந்த பாறைகள். பெட்டி அளவில் இருப்பவை, கார் அளவில் இருப்பவை, சில இடங்களில் வீட்டளவிலும் உண்டு. ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவித்தான் போக வேண்டும். பெரிய பாறைகள் அசையாது என்று நினைப்போம், அசையும். எவ்வளவு பெரிது என்பதைவிட எதன்மேல் அமர்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். பாசி படிந்து கறுத்திருக்கும் கல் வெகுநாளாக அங்கேயே கிடக்கிறது. உடைந்த பக்கம் வெளிறிப் புதிதாகத் தெரிந்தால் அண்மையில் விழுந்தது, அதை நம்பக் கூடாது. "கல்ல நம்பாதீங்க தம்பி, ஆட்டிப் பாத்துட்டு அப்புறம் எடையை வைங்க" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே வருவார். கீழ்நோக்கி இறங்கும்போது ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது என்பதும் அவரிடம் கற்றதுதான். பள்ளத்தாக்குக்குக் கீழே படி போல விரிந்திருக்கும் டார்வின் பெஞ்சிலிருந்து வடக்கே ஆல்பைன் கோலைத் தாண்டி கோத்தே ஏரிப் பக்கம் இறங்கினால் இந்தப் பாறைக்குவியல் இன்னும் கடுமை. நல்ல பாதையில் மணிக்கு இரண்டரை மைல் போகிறவர்களும் இங்கே ஒரு மைல் போனால் போதும் என்று கணக்குப் போட வேண்டும், அதுவும் சில இடங்களில் கிடைக்காது.

வரைபடம் படிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் 1:24,000 அளவுத் தாள்களைத்தான் நாங்கள் எடுத்துப் போகிறோம். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைப்பது கான்டூர் கோடு. இந்தத் தாள்களில் பெரும்பாலும் ஒவ்வொரு கான்டூர் கோட்டுக்கும் இடையே 40 அடி உயர வித்தியாசம். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி, இது எல்லோருக்கும் தெரியும். எளிதில் கண்ணில் படாத விஷயம் ஒன்று உண்டு: 30 அடிச் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவில் தாளில் தெரியாமலே ஒளிந்திருக்க முடியும். விழுந்தால் எலும்பு முறிய அதில் பாதி உயரமே போதும். ஆகவே தாள் சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, எதிர்ச்சரிவில் நிற்கும்போதே இறங்கப்போகும் சரிவைக் கண்ணால் படித்துவிட வேண்டும். எங்கே புல் பட்டையாக மேலே ஏறுகிறது, எங்கே பாறைத் தளம் உடையாமல் போகிறது, எங்கே நிழல் விழுந்து கோடாகத் தெரிகிறது. நிழல் விழும் இடத்தில் வெட்டு இருக்கும். மேலிருந்து இறங்கும்போது பார்ப்பதைவிட எதிரே இருந்து பார்க்கும்போது மலை நன்றாகப் புரியும். அண்ணனும் நானும் கணவாய்களில் பாதி நேரம் இதற்காகத்தான் செலவழிக்கிறோம். அவர் ஒரு வழி சொல்வார், நான் ஒரு வழி சொல்வேன். இருவரும் ஒத்துக்கொள்ளும் வரை கிளம்புவதில்லை.

சியராவில் வழியின் கடினத்தைக் கிளாஸ் என்று எண்ணால் சொல்வார்கள். கிளாஸ் 1 வெறும் நடை. கிளாஸ் 2 என்றால் சமநிலைக்காக அவ்வப்போது கை ஊன்ற வேண்டும். கிளாஸ் 3 கையும் காலும் சேர்த்து ஏறுவது, விழுந்தால் அடிபடும். 4-க்கு மேல் கயிறு பற்றி யோசிக்க வேண்டும். மேலே நான் சொன்ன கணவாய்கள் எல்லாம் கிளாஸ் 2. ஆனால் அந்த எண் சரியான வழியில் போகிறவருக்கு மட்டும்தான் பொருந்தும். ஐம்பதடி இடம் மாறினால் அதே சரிவு 3 ஆகிவிடும், 4-உம் ஆகலாம்.

இதன் அபாயத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ராண்டி மோர்கன்சன் செகோயா, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களில் 28 கோடைகள் காட்டு ரேஞ்சராக இருந்தவர். இந்த மலையைப் பாதைக்கு வெளியே அவரளவு அறிந்தவர்கள் மிகக் குறைவு. 1996 ஜூலையில் ரோந்துக்குப் போனவர் திரும்பவில்லை. பெரிய தேடல் நடந்தது, கிடைக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து 2001-இல்தான் மலைமடிப்பு ஒன்றில் அவருடைய எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. தெரிந்தவருக்கே இப்படி நடக்கும் என்றால் தனியாகப் போவதைப் பற்றி நாம் யோசிக்க வேண்டும். நான் தனியாகப் போவதில்லை. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி இல்லாமலும் போவதில்லை. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் மேகம் கட்டி இடி இறங்கும், அதனால் நண்பகலுக்கு முன் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். ஓர் ஆகஸ்டில் வேறொரு கணவாய்க்கு ஏறும்போது பத்தரை மணிக்கே மேகம் திரண்டது. அண்ணன் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இன்னிக்கு இல்ல தம்பி" என்றார். இறங்கிவிட்டோம். அந்தக் கணவாயை இன்னும் நான் கடக்கவில்லை.

சரி, இவ்வளவு சிரமப்பட்டுப் போனால் அங்கே என்ன இருக்கிறது?

நான் மிகவும் நேசிக்கும் ஏரி ஒன்று உண்டு, பெயரில்லாதது. மூன்று பக்கமும் கிரானைட் சுவர், ஒரு பக்கம் தண்ணீர் வழிந்து இறங்கும் உதடு. மேலே பாறை இடுக்குகளில் ஸ்கை பைலட் என்ற ஊதாப் பூ கொத்துக் கொத்தாக இருக்கும். பெரும்பாலான செடிகள் தாங்காத உயரத்தில் பூக்கும் பூ. பாறைக்குவியலுக்குள்ளிருந்து பைக்கா கீச்சென்று கத்தும். முயலுக்கு உறவு, உருவத்தில் எலிக்குச் சற்றுப் பெரிது, குளிர்காலத்துக்காகப் புல்லை அறுத்து உலர்த்திப் பாறைக்கு அடியில் சேர்த்து வைக்கும். முதல் தடவை அங்கே கரையில் குனிந்தபோது ஆழம் குறைந்த ஓரத்தில் கரும்பழுப்பாக ஏதோ நகர்ந்தது. பார்த்தால் தலைப்பிரட்டைகள், நூற்றுக்கணக்கில். விரல் தடிமனில். வெயில் பட்டுச் சூடான தண்ணீரில் கூட்டமாக ஒதுங்கிக் கிடந்தன. நாங்கள் பாதையோரத்தில் பார்த்து வந்த ஏரிகளில் மீன் துள்ளியது, தலைப்பிரட்டை ஒன்றுகூட இல்லை. இங்கே தலைப்பிரட்டை இருந்தது, மீன் இல்லை. இரண்டுக்கும் உள்ள தொடர்பை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் எந்த ஏரியையும் பழைய மாதிரி என்னால் பார்க்க முடியவில்லை.

சியராவின் உயரமான ஏரிகளில் இயற்கையாக மீன் கிடையாது. பனியாறுகள் செதுக்கிய அந்தப் படிகளில் அருவிகள் விழுகின்றன, கீழேயிருந்து மீன் ஏறி வர முடியாது. ஏறக்குறைய 6,000 அடிக்கு மேல் அநேகமாக எல்லா ஏரியும் மீனில்லாமல்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூண்டில் போடுகிறவர்களுக்காக டிரவுட் மீன் குஞ்சுகளைக் கோவேறு கழுதைமேல் கேன்களில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் விமானத்திலிருந்தே ஏரிகளுக்குள் கொட்டினார்கள். மலையில் இருந்த மஞ்சள்கால் தவளைகளுக்கு அது பேரழிவு. இந்தத் தவளையின் தலைப்பிரட்டை தவளையாக மாற இரண்டு முதல் நான்கு வருடம் ஆகும். அத்தனை வருடமும் வற்றாத, அடிவரை உறையாத ஆழமான ஏரி வேண்டும். மீனுக்கும் அதே ஏரிதான் வேண்டும். மீன் தலைப்பிரட்டையைத் தின்றது. ஒரு காலத்தில் கரையில் நடந்தால் காலடியில் எல்லாம் தவளையாக இருந்தது என்று பழைய ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, கைட்ரிட் என்ற பூஞ்சை நோய் வந்து மீன் இல்லாத ஏரிகளிலும் தவளைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. முன்பு வாழ்ந்த இடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இப்போது இவை இல்லை. 2014-இல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாக மத்திய அரசு அறிவித்தது.

தவளை மட்டும் இல்லை. ஏரியில் வளர்ந்து கோடையில் வெளியே பறக்கும் மேஃப்ளை பூச்சிகளையும் மீன்கள் தின்றுவிடுகின்றன. முகட்டில் வாழும் ரோஸி ஃபின்ச் குருவிகள் அந்தப் பூச்சியை நம்பி இருப்பவை. மீனில்லாத ஏரிகளில்தான் அவை அதிகம் திரள்கின்றன. ஓர் ஏரியில் விட்ட மீன் வானத்தில் பறக்கும் குருவி வரை பாதிக்கிறது.

தேசியப் பூங்காக்கள் 1990களின் தொடக்கத்துக்குள் மீன் விடுவதை நிறுத்திவிட்டன. செகோயா, கிங்ஸ் கேன்யனில் 2001 முதல் சில ஏரிகளிலிருந்து மீனை வலைபோட்டு எடுக்கிறார்கள். வலையை முதுகில் சுமந்து நடந்தே போகிறார்கள், ஓர் ஏரியைச் சுத்தமாக்க ஆண்டுக்கணக்கில் ஆகிறது. மீன் போன ஏரிகளில் தவளை திரும்பவும் பெருகியிருக்கிறது. யோசெமிட்டியில் பூஞ்சையைத் தாங்கிப் பிழைத்த தவளைக் கூட்டங்களிலிருந்து எடுத்து, தவளை இல்லாமல் போன ஏரிகளில் விட்டார்கள். அவற்றிலும் பல இடங்களில் நிலைத்துவிட்டன. ஒரு தப்பைச் சரிசெய்ய இத்தனை பேர் இத்தனை வருடம் மலையில் கூடாரம் போட்டு உழைப்பதை நினைத்தால் எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மரியாதை வருகிறது.

இதனால்தான் நான் போகும் வழியின் ஜிபிஎஸ் தடத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. ஏரியின் பெயரற்ற எண்ணையும் எழுதுவதில்லை. நெருங்கிய நண்பர்கள்கூட இதை வருத்தத்தோடு கேட்டிருக்கிறார்கள். மலை எல்லோருக்கும் பொதுதானே, நீ மட்டும் பார்த்தால் போதுமா என்பது அவர்கள் வாதம். மலை எல்லோருக்கும் பொது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. என் கவலை கால்களைப் பற்றியது. ஒரே தடத்தைப் பதிவிறக்கிய நூறு பேர் ஒரே கோட்டில் நடப்பார்கள். வருடத்தில் இரண்டு மூன்று மாதம் மட்டுமே வளரக் கிடைக்கும் புல்வெளியில் ஒரே கோட்டில் சிலர் நடந்தாலே புல் படுத்துவிடும், அடுத்தவர் அதைப் பாதை என்று எடுத்துக்கொள்வார், மண் தெரியும், உருகும் பனிநீர் அதில் ஓடிப் பள்ளமாகும். லமார்க் கணவாய்க்குப் போகும் வழியைப் பாருங்கள். எவரும் பராமரிக்காத அந்தத் தடம் வந்துபோகிறவர்களின் காலாலேயே பெரும்பகுதி தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கணவாய்க்கு அது நடந்து முடிந்த விஷயம், அங்கே அந்தத் தடத்திலேயே நடப்பதுதான் நல்லது. என் ஏரிக்கு அது நடக்கக் கூடாது என்று விரும்புகிறேன். தாளைப் பார்த்துத் தானாக வழி கண்டுபிடிக்கும் நூறு பேர் நூறு கோடுகளில் போவார்கள், நிலம் தாங்கிக்கொள்ளும்.

இதே காரணத்தால் பாதையில்லாத புல்வெளியில் நாங்கள் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் அகலமாகப் பிரிந்து நடக்கிறோம். முடிந்தவரை பாறைமேலும் மணல்மேலும் கால் வைக்கிறோம். வழியில் யாராவது கல்லடுக்கி அடையாளம் வைத்திருந்தால் கலைத்துவிடுகிறோம். தண்ணீரிலிருந்து 100 அடிக்காவது தள்ளி, கிரானைட் தளத்தில் டென்ட் போடுகிறோம், ஒரே இடத்தில் இரண்டு இரவு இருப்பதில்லை. கிங்ஸ் கேன்யன் பக்கம் 10,000 அடிக்கு மேல் தீ மூட்ட அனுமதி இல்லை. அந்த உயரத்தில் ஒரு பைன் கிளை வளர எத்தனை வருடம் ஆகும் என்று தெரிந்தால் அனுமதி இருந்தாலும் மூட்டத் தோன்றாது. உடம்பில் பூசிய வெயில் கிரீமும் கொசு மருந்தும் ஏரியில் கரையாமல் இருக்க, பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துக் கரையிலிருந்து தள்ளிப் போய்க் கழுவிவிட்டுத்தான் இறங்குகிறோம். தலைப்பிரட்டைகள் ஒதுங்கும் ஓரத்தில் இறங்குவதே இல்லை.

போக ஆசைப்படுகிறவர்களுக்கு வேறு எல்லா உதவியும் செய்வேன். மவுன்ட் டார்வின் என்ற தாளை வாங்குங்கள். முதல் கோடையில் லமார்க் கணவாயைத் தாண்டி டார்வின் பெஞ்ச் வரை போய்வாருங்கள், பாறைமேல் கால் பழகட்டும். உணவை வைக்க பியர் கேனிஸ்டர், அதாவது கரடியால் திறக்க முடியாத டப்பா, வேண்டும். ஜூலை முதல் பாதியில் கொசு அதிகம், பனி நிறையப் பெய்த வருடமென்றால் கணவாயின் கிழக்குப் பக்கம் ஆகஸ்டிலும் பனிதான். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை எனக்குப் பிடித்த காலம். இன்யோ தேசிய வனத்தின் அனுமதிச் சீட்டில் 60 சதவீதத்தை ஆறு மாதத்துக்கு முன்பும் மீதியை இரண்டு வாரத்துக்கு முன்பும் திறக்கிறார்கள். ஆகஸ்டுக்குப் போக வேண்டுமென்றால் பிப்ரவரியில் எடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளை மேசைமேல் விரித்துப்போட்டு உட்காரலாம், அண்ணனையும் வரச் சொல்கிறேன்.